மண்ணுக்கும் குளிருமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பனி, உறைபனி, குளிர் நாட்டு மண்ணு பத்தித்தான். எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். ஒரு பதில்ல விட்டது இன்னொண்ணுல வரும், அதனால முழுசா படிங்க.

பையன் அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கான், போன குளிர்காலம் அங்கதான் இருந்தேன். வீட்டுக்குப் பின்னாடியே மலைக்காடு. நவம்பர் கடைசியில ஒரு நாள் காலையில நடக்கப் போனேன், பாதையோரத்து மண்ணு கால் வச்ச இடமெல்லாம் மொறுமொறுன்னு உடையுது. குனிஞ்சு பார்த்தா சேமியா மாதிரி சன்னமா பனிக்கட்டிக் குச்சிங்க நெட்டா நிக்குது, ஒவ்வொண்ணு தலையிலயும் கொஞ்சம் மண்ணு. மத்தியானம் போய்ப் பார்த்தா எல்லாம் சேறு. அது என்ன ஐயா? (மதுரை வாசகி)

நல்லா குனிஞ்சு பார்த்திருக்கீங்கம்மா, நிறைய பேரு மிதிச்சுட்டு போயிடுவாங்க. அது ஊசி ஊசியா வளர்ற பனிக்கட்டி. ஜப்பான்காரங்க இதுக்கு ஷிமோபஷிரான்னு பேர் வச்சிருக்காங்க, உறைபனித் தூணுன்னு அர்த்தம். ராத்திரி காத்து 0 டிகிரிக்குக் கீழ போயிடும், ஆனா மண்ணுக்குள்ள கொஞ்சம் கீழ இன்னும் சூடு மிச்சம் இருக்கும், மண்ணும் ஈரமா இருக்கும். அப்ப மேல்பரப்புல முதல்ல ஐஸ் பிடிக்கும், அந்த ஐஸ் கீழ இருக்கிற தண்ணிய தன் பக்கம் இழுக்கும், வந்த தண்ணி அடியில ஒட்டி உறையும், மறுபடி இழுக்கும், இப்படி விடிய விடிய அடியிலேர்ந்து வளர்ந்து மேல இருக்கிற மண்ணைத் தலையில தூக்கிக்கிட்டு நிக்கும். ஒரே ராத்திரியில சில சென்டிமீட்டர் கூட வளரும்.

இப்ப மண்ணுக்கு என்ன ஆகுதுன்னு பார்ப்போம். நல்ல காட்டு மண்ணை கையில எடுத்தா எப்படி இருக்கும்? புட்டுக்கு மாவு பிசிறின பதத்துல இருக்கும். பிடிச்சா பிடிபடணும், உதிர்த்தா உதிரணும். அந்தக் குட்டிக் குட்டி உருண்டைங்கதான் மண்ணோட கட்டமைப்பு. களிமண் துகள், மக்கின இலை, பூஞ்சை நூல், சின்ன வேர், நுண்ணுயிர்ங்க விடுற பிசின் எல்லாம் சேர்ந்து ஒட்டி வச்சிருக்கிறது. உருண்டைக்கு நடுவுல இருக்கிற சந்துலதான் காத்தும் தண்ணியும் போகும், வேர் நுழையும். நீங்க பார்த்த ஐஸ் ஊசி அந்த உருண்டைங்களைப் பிச்சுத் தூக்குது, வெயில் ஏறினதும் கீழ போடுது. விழுந்தது பழைய இடத்துல பழைய மாதிரி உட்காராது. அடுத்த ராத்திரி மறுபடி. அப்பத்தான் முளைச்ச கன்னுங்களையும் இது வேரோட பிடுங்கி வெளிய போட்டுடும், அடுத்த நாள் காத்துல வேர் காய்ஞ்சு செத்துடும்.

ஒண்ணு சொல்லணும். நம்ம மொழியில பனிங்கிற ஒரே சொல்லு எல்லாத்துக்கும் ஓடுது. புல்லு மேல நிக்கிற துளியும் பனி, காலையில ரோட்டை மறைக்கிறதும் பனி, வானத்துலேர்ந்து வெள்ளையா விழுறதும் பனி. இந்தப் பக்கத்துல விழுறதை வெண்பனின்னும், தரையில உறையுறதை உறைபனின்னும் எழுதுறேன், ரெண்டையும் குழப்பிக்காதீங்க, ஏன்னா மண்ணைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணு காப்பாத்தும் இன்னொண்ணு உடைக்கும்.

தண்ணி உறைஞ்சா பெருக்கும், அதனால மண்ணு வெடிக்குது, ஃப்ரீசர்ல வச்ச பாட்டில் மாதிரி. அவ்வளவுதானே சார்? (திருச்சி, கல்லூரி மாணவர்)

அவ்வளவு இல்ல தம்பி. தண்ணி உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்குது, அது உண்மை. நல்லா ஈரம் ஊறின மண் உருண்டைக்குள்ள அது நடந்தா உருண்டை பிளக்கும், அதுவும் உண்மை. ஆனா தரையே மேல எழும்பி நிக்குது பாருங்க, அதுக்கு இந்த 9 சதவீதம் போதாது. 1929, 30 வாக்குல அமெரிக்காவுல தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்துல ஸ்டீபன் டேபர்னு ஒரு புவியியலாளர் அழகா ஒரு சோதனை செஞ்சாரு. தண்ணிக்குப் பதிலா மண்ணுல பென்சீனை ஊத்தி உறைய வச்சாரு. பென்சீன் உறைஞ்சா சுருங்கும், பெருக்காது. அப்பவும் மண்ணு மேல எழும்புச்சு! அப்ப தூக்குறது பெருக்கம் இல்ல, கீழேர்ந்து இழுத்துக்கிட்டு வர்ற திரவம்தான்னு முடிவாச்சு.

எப்படி இழுக்குதுன்னா, மண்ணுல எல்லாத் தண்ணியும் ஒரே நேரத்துல உறையாது. பெரிய சந்துல நிக்கிற தண்ணி முதல்ல உறையும். நுணுக்கமான சந்துலயும் துகளை ஒட்டின மெல்லிசு படலத்துலயும் இருக்கிறது 0 டிகிரிக்குக் கீழ போனாலும் தண்ணியாவே இருக்கும். உறையுற இடம் காய்ஞ்ச பஞ்சு மாதிரி வேலை செய்யும், அந்தப் படலம் வழியா கீழ இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கும். புட்டுக்குழல்ல மாவு ஒரு அடுக்கு தேங்காய் ஒரு அடுக்குன்னு போடுறோம்ல, அதே மாதிரி மண்ணு ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்குன்னு உருவாகிடும். வண்டல் கலந்த மண்ணுலதான் இது அதிகம். மணல்ல சந்து பெருசு, இழுக்குற சக்தி கம்மி. கனமான களிமண்ணுல சக்தி இருக்கு, ஆனா தண்ணி நகர ரொம்ப நேரமாகும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் மாட்டிக்கும்.

இன்னொரு விஷயம், உறையுறது எப்பவுமே கெடுதல்னு எழுதிடாதீங்க. ஐஸ் அடுக்குக்கு நடுவுல மாட்டின மண்ணுலேர்ந்து தண்ணி உறிஞ்சப்படுறதால அந்த மண்ணு காய்ஞ்சு இறுகும், அதனால முதல் ஒண்ணு ரெண்டு தடவை உறைஞ்சு உருகினதுல சில மண்ணோட உருண்டை உறுதியாகக்கூட செய்யும். திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் ஒட்டு விடுது, கால் மில்லிமீட்டருக்கு மேல இருக்கிற உருண்டைங்க உடைஞ்சு பொடியாகுது. எத்தனை தடவை, உறையும்போது எவ்வளவு ஈரம், இந்த ரெண்டும்தான் கணக்கு. காய்ஞ்ச மண்ணு எத்தனை குளிருக்கும் அசராது.

உலகம் சூடாகுதுன்னு பயமுறுத்துறாங்க. குளிர் நாட்டு மலைக்காட்டுக்கு அது நல்லதுதானே? மண்ணு உறையுறது குறையுமே. (சென்னை வாசகர்)

கேட்டா நியாயமாத்தான் படும், நானும் மண்ணு படிக்க ஆரம்பிச்ச காலத்துல அப்படித்தான் நெனைச்சேன். நடக்குறது நேர்மாறாவும் இருக்கலாம்.

மேல கடிதம் எழுதின அம்மா போன அதே நியூ ஹாம்ப்ஷயர்ல, வெள்ளை மலைத்தொடர்ல ஹப்பர்ட் புரூக்னு ஒரு ஆராய்ச்சிக் காடு இருக்கு. அமெரிக்க வனத்துறை 1955ல ஆரம்பிச்சது, 3000 ஹெக்டேருக்கு மேல. 1963லேர்ந்து அங்க ஓடுற ஓடைத் தண்ணியில என்னென்ன கரைஞ்சு வருதுன்னு விடாம அளந்துக்கிட்டு இருக்காங்க, வட அமெரிக்காவுல அமில மழை பெய்யுதுன்னு வெளிய தெரிஞ்சதே இந்தக் காட்டாலதான். சுகர் மேப்பிள், மஞ்சள் பிர்ச், பீச் மரங்க. குளிர்காலத்துல காத்து மைனஸ் 15, மைனஸ் 20ன்னு போகும். ஆனா வெண்பனி கனமா மூடியிருந்தா அதுக்கு அடியில மண்ணு 0 டிகிரியை ஒட்டியே நிக்கும், பல வருஷம் உறையவே உறையாது. புதுசா விழுந்த வெண்பனியில முக்கால்வாசிக்கு மேல காத்துதான், நம்ம கம்பளிக்குள்ள நிக்கிற காத்து மாதிரி. அது மண்ணோட சூட்டை வெளிய விடாது.

இப்ப உலகம் சூடாகுது, வெண்பனி லேட்டா விழுது, கம்மியா விழுது, நடுவுல மழை பெஞ்சு கரைஞ்சும் போகுது. ஆனா ராத்திரிக் குளிர் மொத்தமா போயிடல. கம்பளிய எடுத்துட்டு வாசல்ல படுக்க வச்ச கதை. அதனால சூடாகுற உலகத்துல இந்தக் காட்டு மண்ணு முன்னைவிட அதிகமா குளிரவும் கூடும்!

இதை வெறும் வாய்ப்பேச்சா விடாம சோதிச்சுப் பார்த்தாங்க. 1997-98, 1998-99 ரெண்டு குளிர்காலத்துலயும் பீட்டர் கிராஃப்மன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் காட்டுக்குள்ள சின்னச் சின்ன பாத்தியா பிரிச்சு, குளிர்கால ஆரம்பத்துல விழுற வெண்பனிய மண்வாரியால அள்ளி அள்ளி வெளிய போட்டாங்க. ரெண்டுமே அவ்வளவு கடுமையான குளிர்காலம் இல்ல, மண்ணு மைனஸ் 5 டிகிரிக்குக் கீழ போகல. அந்த லேசான உறைதலுக்கே மெல்லிசு வேருங்க நிறைய செத்துச்சு. அடுத்த கோடையில மண்ணுத் தண்ணியில நைட்ரேட் (வேரு உறிஞ்சுற நைட்ரஜன் சத்து) ஏறிப்போச்சு, குறிப்பா சுகர் மேப்பிள் இருந்த இடத்துல.

இந்த நைட்ரேட் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. உருண்டை உடைஞ்சு உள்ள பத்திரமா இருந்த மக்கு வெளிய வந்து, நுண்ணுயிர்ங்க அதைத் தின்னு நைட்ரேட் அதிகமா தயாரிச்சிருக்கும்னுதான் யாரும் நெனைப்பாங்க. அளந்து பார்த்தா தயாரிப்பு அப்படி ஒண்ணும் கூடல. குடிக்க வேண்டிய வேரு செத்துப்போனதால குடிக்க ஆளில்லாம வழிஞ்சிருக்கு. வேரு செத்ததும் வெறும் குளிரால மட்டும் இருக்காது, மண்ணு எழும்பி இறங்கும்போது நூல் மாதிரி வேருங்க இழுபட்டு அறுந்திருக்கும்னு நெனைக்கிறாங்க. மண்ணை ஒட்டி வச்சிருக்கிற சாமான்ல வேரும் பூஞ்சையும் முக்கியம்னு முதல் பதில்ல சொன்னேன்ல, அப்ப வேரு போனா மண்ணோட கட்டும் தளரும், கட்டு தளர்ந்தா அடுத்த குளிருக்கு இன்னும் சீக்கிரம் உடையும்.

அதே காட்டுல 2010க்கு அப்புறம் இன்னொரு பெரிய சோதனை. சில பாத்தியில மண்ணுக்கடியில ஹீட்டர் கேபிள் புதைச்சு மரம் வளர்ற மாசங்கள்ல 5 டிகிரி கூடுதலா சூடாக்குனாங்க. இன்னும் சிலதுல கோடையில சூடு, குளிர்காலத்துல வெண்பனிய அள்ளிப்போட்டு உறையவும் உருகவும் விட்டாங்க. சூடு மட்டும் கிடைச்ச மரங்க நல்லா பருத்துச்சு, குளிர்காலத்து உறைதலும் சேர்ந்ததுங்களுக்கு அந்தக் கூடுதல் வளர்ச்சியில ஏறக்குறைய பாதி போச்சு. வெண்பனிய அள்ளின வேற பாத்திங்கள்ல சுகர் மேப்பிளோட வளர்ச்சி சுமார் 40 சதவீதம் குறைஞ்சதா 2019ல வெளியிட்டாங்க. குளிர் நாட்டுக் காடு சூட்டுல செழிச்சு நம்ம புகையை எல்லாம் உறிஞ்சிடும்னு கணக்கு போடுறவங்க கோடையை மட்டும் பார்த்து போடுறாங்க, அது தப்பு, குளிர்கால மண்ணையும் சேர்த்துத்தான் போடணும்.

மேப்பிள் சிரப் எடுக்குறதுக்கும் உறைஞ்சு உருகணுமாமே? (புதுச்சேரி)

ஆமா, அது மரத்துக்குள்ள. ராத்திரி 0க்குக் கீழ, பகல்ல மேல போனாத்தான் தண்டுல அழுத்தம் மாறி சாறு ஓடும். சாறுல சர்க்கரை 2 சதவீதம் மாதிரிதான், ஏறக்குறைய 40 லிட்டர் காய்ச்சினா 1 லிட்டர் சிரப். அந்தச் சர்க்கரை போன கோடையில மரம் சேர்த்து வச்சது, வேரு அடிபட்டா சேர்க்கிறதும் குறையத்தானே செய்யும்.

இமயமலையில டிரெக்கிங் போனப்ப பார்த்தேன், மரம் இருக்கிற சரிவுல தண்ணி தெளிவா வருது, பக்கத்துல மொட்டைச் சரிவுல சேறா வழியுது. ரெண்டும் ஒரே குளிர்தானே? (கோவை வாசகர்)

குளிர் ஒண்ணு, மண்ணு உறையுற விதம் வேற. மொட்டை நிலத்துல, கால்நடை மிதிச்சு இறுகின இடத்துல, சந்தெல்லாம் ஐஸ் அடைச்சு சிமெண்ட் தளம் மாதிரி உறையும். மண்ணு ஆராய்ச்சியில அதுக்கு கான்கிரீட் உறைவுன்னே பேரு. வசந்தத்துல உருகுற தண்ணி உள்ள இறங்க வழியே இல்ல, மேலாப்புல மண்ணை அள்ளிக்கிட்டு ஓடும். காட்டுக்குள்ள இலைச்சருகு மெத்தை, பொலபொலன்னு மக்கு, நிறைய வேர்த்துளை. அங்க உறைஞ்சாலும் பெரும்பாலும் மணி மணியா, நடுவுல ஓட்டை விட்டுத்தான் உறையும், தண்ணி இறங்கிடும்.

சரிவுல இன்னொண்ணும் நடக்கும். உறையும்போது மண்ணு சரிவுக்குச் செங்குத்தா வெளிய எழும்பும், உருகும்போது நேரா கீழ விழும். எழும்பின இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம், அது எப்பவும் பள்ளத்துப் பக்கம்தான். ஒரு தடவைக்கு மில்லிமீட்டர் கணக்குல இருக்கும், பல வருஷத்துல மலையே மெதுவா இறங்குது. அதோட மேல அரை அடி உருகி கீழ இன்னும் உறைஞ்சிருக்கிற சமயம் ரொம்ப மோசம், உருகின தண்ணி வடிய வழியில்லாம மேல் மண்ணு கூழாயிடும். அந்த வாரங்கள்ல சரிவுல நடக்காம இருக்கிறது மண்ணுக்கும் நல்லது நடக்கிறவங்களுக்கும் நல்லது.

மண்ணு உடைஞ்சா மண்புழு விட்டா சரியாகிடாதா? எங்க தோட்டத்துல அப்படித்தான் செய்யுறோம். (தஞ்சாவூர்)

உங்க தோட்டத்துல தாராளமா விடுங்க. நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி காட்டுல விடக்கூடாது. கடைசிப் பனியுகத்துல வட அமெரிக்காவோட அந்த வடக்குப் பகுதியெல்லாம் பனிப்பாறைக்கு அடியில கிடந்துச்சு, அது விலகின பிறகு உருவான காடுங்க மண்புழு இல்லாமலே வளர்ந்தது. இப்ப அங்க இருக்கிற புழு ஏறக்குறைய எல்லாமே ஐரோப்பாவுலேர்ந்தும் ஆசியாவுலேர்ந்தும் மனுஷங்க வழியா போனது. அதுங்க சருகு மெத்தையை சில வருஷத்துலயே தின்னு தீர்த்துடுது. வெண்பனி மேல் கம்பளின்னா சருகு அடிக்கம்பளி. வெண்பனியும் குறைஞ்சு சருகும் போச்சுன்னா மண்ணு வெறும் உடம்போட நிக்கும். நம்ம ஊர்ல உழவனுக்கு நண்பன்னு சொல்ற உயிர் இன்னொரு காட்டுல இப்படி ஆகுறதை நெனைச்சா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

ஊட்டியில டிசம்பர், ஜனவரியில உறைபனி விழுது. எங்க மண்ணும் இப்படி உடையுமா? (கோத்தகிரி வாசகர்)

அந்த அளவுக்கு இல்ல. குளிர் நாட்டுல வெண்பனி மூடாத மண்ணு மாசக்கணக்குல கூட உறைஞ்சு கிடக்கும், ஊட்டியில விடியக்காலையில வெள்ளையா பூத்து வெயில் ஏறினதும் போயிடும், குளிர் மண்ணோட மேல்தோலைத் தாண்டி ஆழமா போக நேரமில்ல. உங்க பக்கம் அடி வாங்குறது இலைதான், தேயிலை கருகுறதை நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. ஆனா கன்னுங்களுக்கு அது பெரிய விஷயம். மேல் மலையில பள்ளத்துப் புல்வெளியில சோலை மரக் கன்னு எழும்பாம இருக்கிறதுக்கு உறைபனியும் ஒரு காரணம்னு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா சொல்றாங்க. குளிர்ந்த காத்து கனமானது, பள்ளத்துல போய் தேங்கும். சோலைக்குள்ள மரக்கூரை சூட்டைப் பிடிச்சு வைக்கும்.

தாவரவியல் பூங்காவுல செடிங்க மேல கோத்தகிரி மிலார்ங்கிற செடியோட தழையைப் போட்டு மூடுவாங்களே, அதுவும் இதே சங்கதிதான். தெளிஞ்ச வானத்து ராத்திரியில தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுடும், நடுவுல ஒரு மூடி இருந்தா தப்பிக்கும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்க. நம்ம சமவெளியில அது குளிருக்குச் சொன்ன சொல்லு, அந்த நாட்டுக் காட்டுல போய்ப் பார்த்தா தரையைத் துளைக்கிறது நிஜமாவே நடக்குது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இதை எப்படிக் காட்டுறது? (ஆசிரியை, விருதுநகர்)

ரொம்ப சுலபம் டீச்சர். மரத்தடியில சருகு மக்கின இடத்து மண்கட்டி ரெண்டு, ஆள் நடந்து இறுகின வெத்து நிலத்து மண்கட்டி ரெண்டு எடுங்க, நெல்லிக்காய் அளவு போதும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கட்டியை நல்லா ஈரமாக்கி தயிர் டப்பாவுல மூடி ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க, பகல்ல வெளிய வைங்க. அஞ்சு நாள் இப்படி. மத்த ரெண்டையும் அதே மாதிரி ஈரமாக்கி வெளியவே வைங்க. அப்புறம் நாலையும் தனித்தனி கண்ணாடி டம்ளர் தண்ணியில மெதுவா இறக்கிவிட்டு எது எவ்வளவு நேரத்துல கரையுது, தண்ணி எவ்வளவு கலங்குதுன்னு பிள்ளைங்களையே எழுதச் சொல்லுங்க. பொதுவா மக்கு இருக்கிற மண்ணு அதிக நேரம் தாங்கும். வேற மாதிரி வந்தாலும் அடிக்காம எழுதட்டும், ஏன்னு பேசுங்க. ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க, நம்ம டப்பா எல்லாப் பக்கத்துலேர்ந்தும் உறையுது, காட்டுல மேலேர்ந்து கீழ மட்டும்தான் உறையும், அதனால ஐஸ் அடுக்கு இதுல சரியா தெரியாது.

மறுபடியும் மதுரை வாசகி எழுதுறேன் ஐயா. பையன் வீட்டுல பின்பக்கம் மரத்தடியெல்லாம் சருகு முழங்கால் அளவுக்குக் கிடக்கு. நான் சுத்தமா கூட்டி அள்ளிடலாம்னு விளக்குமாறு எடுத்தா மருமகள் வேண்டாம் அத்தை, அப்படியே கிடக்கட்டும்ங்கிறா. அடுத்த மாசம் திரும்பப் போறேன். யார் சொல்றது சரி?

மருமகள் சொல்றதுதான்மா சரி. வாசலைக் கூட்டாம விட்டா நமக்கு மனசு கேக்காது, புரியுது, ஆனா அது வாசல் இல்ல, காட்டோட ஓரம். வெண்பனி விழறதுக்கு முன்னாடி வர்ற அந்த ரெண்டு மூணு வாரம்தான் மண்ணுக்கு ஆபத்தான காலம், மழையில ஊறி ஈரமா இருக்கும், ராத்திரி உறையும், பகல்ல உருகும். அப்ப அதுக்கு இருக்கிற ஒரே துணி அந்தச் சருகுதான். புல்தரை மேல கனமா கிடந்தா புல்லு மூச்சு முட்டும், அதை மட்டும் அள்ளி மரத்தடியில கொட்டுங்க. நடைபாதையில கிடக்கிறதைக் கூட்டிடுங்க, ஈரச் சருகு வழுக்கும், கால் ஜாக்கிரதை. போன வருஷம் ஐஸ் ஊசி பார்த்தீங்களே பாதையோரம், அந்த இடத்துல சருகு இருந்துச்சா இல்ல வெறும் மண்ணான்னு இந்தத் தடவை பார்த்து எழுதுங்க.